ஒன்பதாம் கடிதம், ஐந்தாம் கேள்வி

என் கணவர் போர்முனையிலிருந்து எனக்கு எழுதிய கடிதங்களை வேறு யாராவது எடுத்துப் படித்தால் ஒன்றும் விளங்காது. எழுபத்தொன்றாம் ஆண்டு நவம்பரில் வந்த ஒரு கடிதம் முழுவதும் இவ்வளவுதான்:

"6/1 ஆம். 6/2 இரண்டு. 6/3 இன்னும் வரவில்லை. 6/4 — . 6/5 மார்ச்சில் பார்க்கலாம். 6/6 இல்லை."

கீழே கையெழுத்து.

இந்த முறையை ஏற்படுத்தியது நான்தான். அவர் ராணுவத்தின் பொறியாளர் பிரிவில் கேப்டன். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடிகளைத் தோண்டி எடுப்பது அவர்கள் வேலை. நான் டிப்ளமோ முடித்து, காரைக்குடியில் ஒரு கட்டட அலுவலகத்தில் வரைபடம் வரைந்துகொண்டிருந்தேன். வைகாசியில் கல்யாணம். நாற்பது நாள் சேர்ந்திருந்தோம். லீவு முடிந்து அவர் போன பிறகு கடிதம்தான்.

அந்தக் கடிதங்கள் போய்ச் சேர எட்டு நாளும் ஆகும், பன்னிரண்டு நாளும் ஆகும். நான் ஒன்றைக் கேட்டிருப்பேன். பதில் வரும்போது என்ன கேட்டேன் என்பது மறந்திருக்கும். "ஆமாம், அதுவே நல்லது" என்று ஒருமுறை எழுதியிருந்தார். எது நல்லது என்று இன்றுவரை தெரியாது. ஆகவே அவருக்கு விதிகளை எழுதி அனுப்பினேன்.

ஒன்று, என் கடிதங்களுக்கு வரிசை எண் இடுவேன். இரண்டு, ஒவ்வொரு கேள்விக்கும் எண் உண்டு. மூன்று, நான் கார்பன் பிரதி வைத்துக்கொள்வேன். அவர் கேள்வியைத் திருப்பி எழுதி இடத்தை வீணாக்க வேண்டாம், எண்ணையும் பதிலையும் எழுதினால் போதும். நான்கு, சொல்ல முடியாததற்கு ஒரு கோடு.

அவர் உடனே ஒப்புக்கொண்டார். "சைட் ரிப்போர்ட் மாதிரி இருக்கிறது, வசதிதான்" என்று எழுதினார். நம்பர் போடாமல் அவர் எழுதிய கடைசி வாக்கியம் அது.

ஆக, மேலே சொன்ன கடிதத்தில் கம்பளிச் சட்டை வந்துவிட்டது, டார்ச்சுக்கு இரண்டு பேட்டரி வேண்டும், நான் அனுப்பிய போட்டோ சேரவில்லை, பக்கத்தில் ஆறு இருக்கிறதா என்பதைச் சொல்லக்கூடாது, லீவு மார்ச்சில். கடைசிக் கேள்வி எப்போதும் என் மாமியாருடையது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறாயா? இல்லை.

அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாமாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், கண்ணாடி இருந்தால். கடிதம் வந்ததும் மாலையில் நான் கார்பன் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு, என் கேள்வியையும் அவர் பதிலையும் மாற்றி மாற்றி வாசிப்பேன்.

"இது என்ன லெட்டரா, பரீட்சைப் பேப்பரா?" என்பார் அத்தை. "புருசன் பொண்டாட்டி எழுதிக்கிற லட்சணத்தப் பாரு. ஆம், இல்லை, ஆம், இல்லைன்னு. கோர்ட்டுல சாட்சி சொல்றவன்கூட இதவிட நாலு வார்த்தை கூடப் பேசுவான்."

"வேலை இருக்குமுல்ல அவனுக்கு," என்பார் மாமா.

"நீங்க ஒண்ணு. நீங்க பேசுறதே தெனம் நாலு வார்த்தை. அதுதான் புள்ளைக்கும் வந்திருக்கு."

மாமா தச்சு வேலை செய்பவர். அப்போது நேமத்தான்பட்டியில் ஒரு பெரிய வீட்டுக் கதவுகளைச் சரிசெய்துகொண்டிருந்தார். காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் வருவார். நான் வாசித்து முடித்ததும் கடிதத்தை வாங்கித் திருப்பி, எழுத்தில்லாத பின்பக்கத்தைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழே ஒருமுறை தடவுவார். இழைத்த பலகையைப் பார்ப்பது போல. என் கணவர் பேனாவை அழுத்தி எழுதுகிறவர். பின்பக்கத்தில் எழுத்து மேடு தட்டும். தடவி முடித்ததும் மடித்து அத்தையிடம் கொடுப்பார். அத்தை அதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைப்பார். ஒவ்வொரு கடிதத்துக்கும் இது நடந்தது.

டிசம்பர் முதல் வாரத்தில் சண்டை மூண்டது. ரேடியோ எதிர்வீட்டில் இருந்தது. அத்தை சமையலைப் பாதியில் விட்டுவிட்டுச் செய்தி கேட்கப் போவார். திரும்பி வந்து, "ஊர் பேரா சொல்றான், ஒண்ணும் வாய்க்குள்ள நொழையல. நம்ம ஆளு எங்க இருக்காகன்னு மட்டும் சொல்ல மாட்டேங்கிறான்" என்பார். நான் அலுவலகத்துக்குப் போய்வந்தேன். எட்டாம் கடிதத்தை நவம்பர் கடைசியிலேயே அனுப்பியிருந்தேன். தந்தி எதுவும் வரவில்லை. தந்தி வராத ஒவ்வொரு நாளையும் காலண்டரில் பென்சிலால் புள்ளி வைத்துக் குறித்தேன்.

பன்னிரண்டு புள்ளிகள் ஆனபோது எட்டாம் கடிதத்துக்குப் பதில் வந்தது.

8/1 முதல் 8/7 வரை எல்லாப் பதில்களும் இருந்தன. எல்லாம் சரியாகவும் இருந்தன. ஆனால் எழுத்து அவருடையது இல்லை.

எனக்குப் பிழைப்பே கோடும் எழுத்தும்தான். ஒரே வரைபடத்தில் இரண்டு பேர் எழுதியிருந்தால் எந்த இடத்தில் கை மாறியது என்று சொல்லிவிடுவேன். இது சாய்வில்லாத, உருண்டையான, பள்ளிக்கூடத்து எழுத்து. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பெயர் மட்டும் எழுதியிருந்தது, அதுவும் அதே உருண்டை எழுத்தில். விளக்கமாக ஒரு சொல்லும் இல்லை.

மாலையில் வழக்கம்போல வாசித்தேன். குரலில் வித்தியாசம் இல்லாமல்தான் வாசித்தேன். 8/7, அத்தையின் கேள்வி: தயிர் கிடைக்கிறதா? கிடைக்கிறது.

"அது போதும்," என்றார் அத்தை.

மாமா கடிதத்தை வாங்கினார். திருப்பினார். கட்டைவிரலால் தடவினார். இன்னொருமுறை தடவினார். என்னைப் பார்த்தார். பிறகு மடித்து அத்தையிடம் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை அவர் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது நானும் அலுவலகம் கிளம்பி வாசலில் நின்றேன்.

"தாயி," என்றார். "அந்தக் கடுதாசி அவன் கைதானா?"

"இல்லை, மாமா."

"வழவழன்னு இருந்துச்சு. மேடே இல்ல." சற்று நேரம் பைக்குள் எதையோ தேடினார். "ஒங்க அத்தைக்குச் சொல்ல வேணாம்."

"சரி, மாமா."

"என்னத்த எனக்குச் சொல்ல வேணாங்கிறீக?" அத்தை சாப்பாட்டுத் தூக்குடன் எங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

மாமா வேறு பக்கம் பார்த்தார். நான்தான் சொன்னேன்: கடிதம் அவர் சொல்ல வேறு யாரோ எழுதியது, பதில்களெல்லாம் அவருடையவைதான், அவரைத் தவிர யாருக்கும் தெரியாத விவரங்கள், ஆகவே உயிரோடு இருக்கிறார், நினைவோடு இருக்கிறார், எழுதும் கைக்குத்தான் ஏதோ ஆகியிருக்க வேண்டும். அலுவலகத்தில் மேலதிகாரிக்குச் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னேன்.

அத்தை தூக்கைக் கீழே வைத்தார். அழவில்லை.

"அவன் ஏன் அத எழுதல?"

"தெரியலை, அத்தை."

"நீ கேட்டியா?"

"என்ன கேட்டேனா?"

"ஒடம்பு எப்படி இருக்குன்னு. எட்டு லெட்டரு எழுதியிருக்கே. சட்டை வந்துச்சா, பேட்டரி எத்தன, பல்லு வலிக்குதா, பணம் எந்தத் தேதி வரும்னு நோண்டி நோண்டிக் கேட்டியே, ஒடம்பு எப்படி இருக்குன்னு ஒரு தடவ கேட்டியா?"

"நீங்களும் கேக்கலையே, அத்தை. எண்ணெய், தயிர்னுதானே கேட்டீங்க."

"எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிறியாடான்னு கேட்டா அதுக்கு வேற என்னடி அர்த்தம்? அதுக்கும் இல்லைன்னு ஒத்த வார்த்தையில முடிச்சுப்புட்டான். எல்லாம் நீ பழக்கிவிட்டது."

மாமா பஸ்ஸைத் தவறவிட்டார். நான் உள்ளே போய் எட்டுக் கார்பன் பிரதிகளையும் எடுத்துப் பார்த்தேன். ஐம்பத்தொரு கேள்விகள். அத்தை சொன்னது உண்மை. ஆம், இல்லை, ஓர் எண், ஒரு தேதி என்று பதில் வரக்கூடியதாகவே பார்த்துப் பார்த்துக் கேட்டிருந்தேன். 'எப்படி' என்று தொடங்கும் கேள்வி ஒன்றுகூட இல்லை. அப்படிப்பட்ட கேள்விக்குப் பதில் நீளும், இடம் போதாது என்று நானே முன்கூட்டித் தள்ளியிருக்கிறேன். கேட்டதற்கு மட்டும் பதில் என்பது என் விதி. அவர் அந்த விதிக்குப் பின்னால் வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

அன்று அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஒன்பதாம் கடிதத்தை எழுதினேன். அதன் கார்பன் பிரதி இப்போதும் என்னிடம் இருக்கிறது.

"9/1 வலது கை இருக்கிறதா? 9/2 இடது கை? 9/3 இரண்டு கண்களும் தெரிகின்றனவா? 9/4 நடக்க முடிகிறதா? 9/5 ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

இடிந்த கட்டடத்தைப் பார்வையிடப் போகிறவர் வைத்திருக்கும் பட்டியல் போலத்தான் இருந்தது. வேறு மாதிரி எழுத எனக்குக் கை வரவில்லை.

"என்னுத எழுதிட்டியா?" என்றார் அத்தை.

"சொல்லுங்க."

"ஒடம்பு எப்படி இருக்கு, அய்யா. அவ்வளவுதான் எழுது."

"அதுதான் ஒன்றிலேருந்து நாலு வரைக்கும் பிரிச்சுப் பிரிச்சுக் கேட்டிருக்கேன், அத்தை."

"ஒன்னுது கையி, காலு. நான் அவனக் கேக்குறேன். எழுது."

9/6 என்று போட்டு எழுதினேன். 'அய்யா' என்பதையும் எழுதச் சொன்னார். எழுதினேன்.

இதற்கிடையில் சண்டை முடிந்துவிட்டது. எதிர்வீட்டில் ரேடியோவைச் சுற்றி மிட்டாய் கொடுத்தார்கள். அத்தை தன் பங்கை வாங்கி வந்து மாடத்தில் வைத்தார், யாரும் எடுக்கவில்லை. மாமா ஒரு வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகாமல் காளையார்கோவிலுக்குப் போய்வந்தார். என்ன வேண்டிக்கொண்டார் என்று அத்தையும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நான் காலண்டரில் புள்ளி வைப்பதை நிறுத்தவில்லை.

ஜனவரியில், பொங்கலுக்கு வீட்டைக் கழுவிக்கொண்டிருந்த நாளில் பதில் வந்தது. உறையின் மேல் விலாசம் பெரிது பெரிதாக, கோணல்மாணலாக, ஒரு வரி மேலேயும் ஒரு வரி கீழேயும் ஓடியிருந்தது. தபால்காரர், "சின்னப் புள்ள எழுதுனதாட்டம் இருக்கு. எப்படியோ வந்து சேர்ந்துருச்சு" என்று கொடுத்துவிட்டுப் போனார். மாமாவும் அன்று வீட்டில்தான் இருந்தார். ஈரத் தரையிலேயே மூன்று பேரும் நின்றோம்.

"9/1 இருக்கிறது. மூன்று விரல் இல்லை. 9/2 இருக்கிறது, இது அதன் வேலைதான். 9/3 தெரிகின்றன. 9/4 முடிகிறது. 9/5 —"

ஐந்தாவதற்குக் கோடு.

ஆறாவது பதில் ஒன்றரைப் பக்கம் இருந்தது. அம்மாவுக்கு என்று தொடங்கியிருந்தது. கண்ணிவெடி எடுக்கும்போது நடந்தது என்று எழுதியிருந்தார். தந்தி கொடுக்க வேண்டாம் என்று தாம்தான் கெஞ்சிக் கேட்டுக்கொண்டதாகவும், நம் தெருவில் தந்தி வந்தால் பிரித்துப் படிக்கும் முன்பே எல்லோரும் அழுதுவிடுவார்கள் என்றும் இருந்தது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த திருநெல்வேலிக்காரர்தான் முந்தின கடிதத்தை எழுதினாராம். வலி குறைந்துவிட்டது. இரவில் இல்லாத விரல்கள் அரிக்கின்றன. சாப்பிடும்போது இடது கையைப் பயன்படுத்த வெட்கமாக இருக்கிறது. அப்பாவின் உளியை இனிப் பிடிக்க முடியாது என்பதை நினைத்தால் மட்டும் வருத்தமாக இருக்கிறது, பிடித்துப் பல வருடம் ஆகிவிட்டதென்றாலும். பயமாக இருந்தது, அம்மா. இப்போது இல்லை. எண்ணெய் தேய்த்து யாராவது குளிப்பாட்டிவிட்டால் நன்றாக இருக்கும்.

இவ்வளவையும் அவர் என்னிடம் ஒருபோதும் சொன்னதில்லை. வாசித்தது நான்தான். இரண்டு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்தேன்.

"பாத்தியா," என்றார் அத்தை. முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "கேட்டாச் சொல்லுவான் எம்புள்ள."

மாமா கையை நீட்டினார். கடிதத்தைத் திருப்பித் தடவினார். பழக்கமில்லாத இடது கையால் அழுத்தி எழுதியதில் தாள் இரண்டு மூன்று இடங்களில் கிழிந்தே இருந்தது. அந்தக் கிழிசல்களில் கட்டைவிரல் நின்று நின்று போயிற்று.

"இது அவன்தான்," என்றார்.

மார்ச்சில் வந்தார். 6/5-இல் சொன்னபடியேதான். காரைக்குடி ஸ்டேஷனில் பெட்டியை இடது கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார். வலது கை கால்சட்டைப் பையில் இருந்தது. நலம் விசாரிப்பதற்கு முன்பே நான் கேட்டேன்.

"ஒன்பதில் ஐந்து?"

பெட்டியைக் கீழே வைத்தார். பையிலிருந்து வலது கையை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் பிடித்துக்கொண்டேன்.

"நீ கேக்கலையே," என்றார்.