ஜீப்புக்குப் போட்ட கம்பி

டாங்கி செய்ற ஃபேக்டரியில வேலை பாக்குற ஆம்பளைங்க கையில ஒரு வண்டியைக் குடுக்கவே கூடாது. குடுத்தா அது வண்டியாத் திரும்பி வராது. இதை நான் கோவத்துல சொல்லலை, அனுபவத்துல சொல்றேன். சரி, கோவமும்தான். இத்தனை வருஷம் கழிச்சும் அந்த ஞாயித்துக்கிழமையை நெனச்சா எனக்கு உச்சந்தலை சூடாகுது.

தொண்ணூறுகளோட ஆரம்பம். ஆவடி பக்கத்துல சேக்காட்டுல இருந்தோம். எங்க வீட்டுக்காரர் டாங்கி ஃபேக்டரியில ஃபிட்டர். மிலிட்டரிக்காரங்க ஏலம் விட்ட ஒரு பழைய ஜீப்பை யார்கிட்டயோ இருந்து வாங்கி வச்சிருந்தாரு. கதவு கிடையாது, மேல வெறும் தார்ப்பாய். வாங்கினது சொகுசுக்கு இல்ல, அவரு தங்கச்சிக்காக.

என் நாத்தனாருக்குச் சின்னப் புள்ளையா இருக்கும்போதே போலியோ வந்து இடது கால் சூம்பிப் போச்சு. இரும்புப் பட்டை வச்ச பூட்ஸ் போட்டுத்தான் நடப்பா. திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல ஒரு சின்ன கம்பெனியில மோட்டாருக்கு காயில் சுத்துற வேலை கெடச்சுது. அந்தப் பக்கம் போற பஸ் எதுவும் இவ ஏறி முடிக்கிற வரைக்கும் நிக்காது. நின்னாலும் கண்டக்டர் வாய் நிக்காது. அதனால நான் ஜீப் ஓட்டக் கத்துக்கிட்டேன். தெரு மொத்தமும் வாசல்ல நின்னு சினிமா மாதிரி பாத்துச்சு. பாத்தா பாக்கட்டும்னு தெனமும் காலையில நான்தான் கொண்டுபோய் விடுவேன்.

வேலைக்குச் சேரும்போதே மொதலாளி இவ காலைப் பாத்துட்டு, "டைமுக்கு வந்துடுவியாம்மா?"ன்னு கேட்டிருக்காரு. "ஒரு நாள் லேட்டா வந்தாலும் நானே நின்னுக்கிறேன் சார்"னு இவ சொல்லிட்டு வந்துட்டா. வாய்க்கொழுப்பு! அந்த வாய்க்கொழுப்பைக் காப்பாத்த மழையிலயும் சேத்துலயும் நாங்க ரெண்டு பேரும் அல்லாடினோம். ஒரு நாளும் லேட்டானதில்ல. நான் சொன்ன ஞாயித்துக்கிழமைக்கு மறுநாள், திங்கக்கிழமை காலையில, அவளை நிரந்தரம் பண்றதா வேணாமான்னு மொதலாளி சொல்றதா இருந்தாரு.

அதுக்கு முந்தின வாரம், பூந்தமல்லி ரோட்டுல ஒரு ஜல்லி லாரி எங்களை இடப்பக்கமா முந்தி, ஜீப்போட இடது பக்கத்தை நசுக்கிட்டுப் போயிடுச்சு. எங்களுக்கு ஒண்ணும் ஆகலை. ஆனா நான் வீட்டுக்கு வந்து சொன்னேன் பாருங்க, அங்கதான் வெனை. இவரு அந்த நசுங்கலைத் தடவித் தடவிப் பாத்தாரு. ராத்திரி சோறு எறங்கலை. "இன்னும் கொஞ்சம் உள்ள வந்திருந்தா தங்கச்சியோட நல்ல காலும் போயிருக்கும்"னு சொல்லிட்டே இருந்தாரு. மறுநாள் ஃபேக்டரியில இருந்து வரும்போது, "ரெண்டு பக்கமும் கம்பி போடப் போறேன், எவன் வந்து மோதுறான் பாக்கலாம்"னாரு.

ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் அவரோட வேலை பாக்குற வெல்டர் வந்து எறங்கினாரு, அம்பத்தூர் பட்டறை ஒண்ணுல இருந்து இரவல் வாங்கின வெல்டிங் மிஷினோட. கம்பின்னாங்க, வந்தது குழாய். என் கைக்குள்ள அடங்காத தடிமன். முன்சக்கரத்துல இருந்து பின்சக்கரம் வரைக்கும், வண்டி உடம்புல இருந்து ஒரு சாண் வெளியே தள்ளி, ரெண்டு பக்கமும்.

நான் ஒண்ணுதான் கேட்டேன். "போல்ட்டு போட்டு மாட்டுங்களேன். சரிப்படலைன்னா கழட்டிக்கலாம்ல?"

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிச்சாங்க. "இன்னா அண்ணி, கழட்டுறதா? டாங்கியில எவனாச்சும் கழட்டுற மாதிரி போடுவானா?"ன்னு வெல்டர் கேட்டாரு. போல்ட்டும் போட்டாங்க. போல்ட்டு தலை மேலயே வெல்டிங்கும் வச்சாங்க. சாமி, அதைப் பாத்து நான் என்னன்னு சொல்ல!

நாத்தனார் அன்னைக்கு அடுப்பாங்கரையை விட்டு வெளியே வரலை. இவங்களுக்கு டீ, பஜ்ஜி, மறுபடி டீ. நானாச்சும், "அவளை ஒரு வாட்டி ஏறிப் பாக்கச் சொல்லலாமா?"ன்னு கேட்டேன். மத்தியானம் கேட்டா, "சூடா இருக்கு, கிட்ட வராதீங்க." அப்புறம் கேட்டா, ராகு காலம் வர்றதுக்குள்ள பெயிண்ட் அடிச்சிடணுமாம். அடிச்சதும் கேட்டா, "ஈரம் அண்ணி, காலைல வரைக்கும் கை படக்கூடாது." அதுவும் என்ன கலரு, அதே மிலிட்டரி பச்சை. கண்ணுல ஒத்திக்கலாமேன்னு அவங்க அதைச் சுத்திச் சுத்தி வந்தாங்க.

"இது மேல யானை ஏறி நின்னாலும் வளையாது அண்ணி"ன்னாரு வெல்டர்.

"யானை ஏறப் போறதில்ல. அவ ஏறணும்."

"அட, இதையே படியா வச்சு ஏறிடும். ரெண்டு வேலைக்கும் ஆவும்."

திங்கக்கிழமை காலையில இவரு பர்மிஷன் போட்டுட்டாரு. வழக்கமா நாங்க எழுந்து பல்லு தேய்க்கிறதுக்குள்ள சைக்கிளை எடுத்துட்டு ஷிஃப்ட்டுக்குப் போயிடுற மனுஷன். அன்னைக்குக் குளிச்சு விபூதி பூசி, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சு, சூடம் கொளுத்தி நின்னாரு. ஏழரைக்கு ராகு காலம், அதுக்குள்ள வண்டி கெளம்பணுமாம். வெல்டரும் ஆஜர். நாத்தனார் துவைச்சு மடிச்ச புடவை கட்டி, டிபன் பையோட வந்தா.

அவ ஏறுற விதமே வேற. வண்டிக்கு முதுகைக் காட்டி நிப்பா. ரெண்டு கையையும் பின்னால ஊனி, ஒரே எம்புல சீட்டு ஓரத்துல உக்காந்துடுவா. அப்புறம் இடது காலைக் கையால தூக்கி உள்ள வச்சுக்குவா. அவ்வளவுதான், என்னை விட வேகமா ஏறுவா. அன்னைக்கும் திரும்பி நின்னா. பின்தொடையில குழாய் இடிச்சுது. கையை நீட்டினா, சீட்டு எட்டலை. இன்னொரு வாட்டி நீட்டினா. எட்டலை.

"அது மேல காலை வச்சு ஏறும்மா"ன்னாரு வெல்டர்.

"நல்ல காலை மேல வச்சா, எதுல நிக்கறது?"ன்னு கேட்டா.

இவரு சாதாரணமா, "இதுக்கு இன்னாத்துக்கு யோசிச்சுனு கீற, வா"ன்னு குனிஞ்சு ரெண்டு கையையும் அவ இடுப்புக்குக் கொண்டு போனாரு.

"தொடாதண்ணா!"

தெருவே திரும்பிப் பாத்துச்சு. அவ அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்ல.

"இல்லம்மா, தெனமும் அண்ணி தூக்கித்தானே ஏத்துது?"ன்னாரு.

எனக்கு வந்துச்சே ஆத்திரம்! "யாரு, நானா? அவளைத் தொட்டா என் கையை ஒடிச்சிடுவா! வண்டி வாங்கினதுல இருந்து அவளேதான் ஏறுறா, அவளேதான் எறங்குறா. நீ ஒரு நாளாச்சும் பாத்தியாய்யா?"ன்னு தெருவுல வச்சே கத்திட்டேன். வாய்யா போய்யான்னு புருஷனை நான் பேசினது அன்னைக்குத்தான்.

அவரு என்னைப் பாக்கலை. அவளையே பாத்துட்டு இருந்தாரு. அவளைப் பள்ளிக்கூடத்துக்கு இடுப்புல தூக்கிட்டுப் போனது அவருதான். எறக்கி விட்டதுக்கு அப்புறமும் யாரோ ஒருத்தர் அவளைத் தூக்கிட்டுத்தான் இருக்காங்கன்னு மனசுல வச்சிருந்திருக்காரு.

உள்ள ஓடி இரும்பு அறுக்குற ஹாக்ஸாவை எடுத்துட்டு வந்தாரு. வெல்டிங் மிஷின் ராத்திரியே திரும்பப் போயிடுச்சு, கையாலதான் அறுக்கணும். இவரும் வெல்டரும் மாத்தி மாத்தி அறுத்தாங்க. யானை ஏறினாலும் வளையாத குழாய் லேசுல அறுபடுமா? பிளேடு ஒடிஞ்சுது. வேற மாட்டினாங்க. விபூதி எல்லாம் வேர்வையில கரைஞ்சு மூக்குல வழியுது. நான் கடியாரத்தைப் பாக்குறேன், அவளைப் பாக்குறேன். அவ டிபன் பையை மார்போட அணைச்சுட்டு நிக்கிறா. ராகு காலம் பொறந்துடுச்சு. யாரும் அதைக் கண்டுக்கலை.

கடைசியா இடது பக்கத்துல அவ ஏறுற இடம் மட்டும் அறுந்து விழுந்துச்சு. அவ முதுகைக் காட்டினா, எம்பினா, உக்காந்தா, காலைத் தூக்கி உள்ள வச்சுக்கிட்டா. இவரு கையில ஹாக்ஸாவோட நின்னு பாத்தாரு. அப்புறம் பின்னால ஏறி உக்காந்துக்கிட்டாரு.

நான் எப்படி ஓட்டினேன்னு கேக்காதீங்க. குழி, மேடு, லாரி எதுவும் பாக்கலை. கம்பெனி போய்ச் சேரும்போது வாட்ச்மேன் கேட்டைத் தள்ளி மூடிக்கிட்டு இருந்தாரு. ஒரு ஆள் நுழையுற சந்துதான் பாக்கி. "நான் வந்துட்டேண்ணே!"ன்னு வண்டியில இருந்தே நாத்தனார் கத்தினா. அவரு கை நின்னுச்சு. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது நிரந்தரம் ஆயிடுச்சுன்னுதான் வந்தா. எனக்கு மறக்காம இருக்கிறது அந்தக் கேட்டுதான்.

வண்டி நின்னதும் இவரு பின்னால இருந்து குதிச்சு அவ பக்கம் ஓடி வந்தாரு. பழைய பழக்கம், ரெண்டு கையும் தானா முன்னால நீண்டுடுச்சு. அவ அந்தக் கையைப் பாத்தா. இவரு சட்டுன்னு ரெண்டையும் முதுகுக்குப் பின்னால கொண்டுபோய், ஒண்ணை ஒண்ணு இறுக்கிப் புடிச்சுக்கிட்டாரு. அவ எறங்கினா, பையை எடுத்தா, அண்ணனைத் தாண்டி உள்ள நடந்து போனா. கேட்டு மூடினதுக்கு அப்புறமும் அவரு கையைப் பிரிக்கலை.