குடும்பத்துக்கு மட்டும்

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிற பையன்கள் இப்போதும் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். நானும் சொல்லத்தான் செய்கிறேன். சாயங்காலம் போய்ப் பார்க்காதே, காலையில் ஏழு மணிக்குப் போ. குழாயில் எத்தனை குடம் தண்ணீர் வருகிறது என்று அப்போதுதான் தெரியும். கக்கூஸுக்குள் போய்க் கதவைச் சாத்திப் பார், கூச்சப்படாதே. சுவரில் ஆணி அடிக்கலாமா என்று அடிப்பதற்கு முன்னால் கேள். சொந்தக்காரர்கள் வந்தால் எத்தனை நாள் தங்கலாம் என்பதையும் கேட்டுவிடு. பையன்கள் தலையாட்டிக்கொள்வார்கள். இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது. "எங்க வீட்டுல யாராச்சும் செத்துப்போனா இங்கயே கெடத்தலாமா?" அதைக் கேட்கச் சொன்னால் கிழவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பான்கள். அதனால் சொல்வதில்லை. நான் கேட்காமல் போனதன் கதைதான் இது.

எண்பதுகளின் தொடக்கம். நாகமலை புதுக்கோட்டையை ஒட்டியிருந்த பல்கலைக்கழகத்தில் எனக்குக் கிளார்க் வேலை கிடைத்திருந்தது. உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தான் நான். ஊரில் இருந்து தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து போக முடியவில்லை. வீடு தேடினேன். எந்த வாசலில் பலகை தொங்கினாலும் அதில் 'குடும்பத்துக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. ஒரு வீட்டில் மோர் எல்லாம் கொடுத்து உட்கார வைத்தார்கள். கல்யாணம் ஆகவில்லை என்றதும், "பொம்பளப் புள்ள இருக்குற வீடு தம்பி" என்று எழுந்துவிட்டார்கள். நான் என்ன கடித்தா தின்றுவிடுவேன்? கோபம் கோபமாக வந்தது. ஆறாவது வீட்டில் யோசித்தேன். குடும்பம்தானே வேண்டும்? அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அப்பா போன பிறகு அம்மா ஊரில் மண்வீட்டில் தனியாக இருந்தாள். பக்கத்து வீடு சித்தப்பாவுடையது. சித்தப்பாவின் மனைவியோடு அம்மாவுக்கு எட்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. மாடு யாருடைய வைக்கோல் படப்பில் வாய் வைத்தது என்பதில் தொடங்கிய சண்டை. "அவ கையால ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன்" என்று தெருவில் நின்று சொன்னவள் என் அம்மா. நான் போய்க் கூப்பிட்டதும், "ஓஹோ, ஒனக்கு வீடு கெடைக்கணும்னாத்தான் அம்மா நெனப்பு வருமாக்கும்?" என்றாள். ஆனால் மறுநாளே ஆட்டை விற்றுவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற வாத்தியார். கீழே அவரும் மனைவியும் மகளும். மாடியில் ஒரு அறை, ஒரு சமையலறை, வெளிப்பக்கமாக ஏறுகிற படி. அம்மாவைப் பார்த்ததும் அவர் முகமே மாறியது. "அம்மா இருக்காங்கன்னா சரி, அப்பறம் என்ன?" என்றார். அம்மாதான் எனக்கு அந்த வீட்டை வாங்கிக் கொடுத்தாள். பால் காய்ச்சின அன்றைக்குக் குழாயைத் திறந்து மூடி, திறந்து மூடி, "மாடிக்கே தண்ணி ஏறி வருதுடா" என்று சிரித்தாள். ஊரில் இருந்து யார் வந்தாலும் முதலில் அந்தக் குழாயைத்தான் காட்டுவாள். "எம்மகன் வீடு" என்பாள். வாடகை வீடும்மா என்றால், "சும்மா இருடா, வந்துட்டான் பெரிய இவன்" என்பாள்.

அந்த வீட்டில் மூன்று வருஷம் நன்றாக இருந்தோம். வீட்டுக்காரம்மாவும் அம்மாவும் ஒரே முறத்தை நடுவில் வைத்து உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவார்கள். அந்த அம்மாளுக்கு இருந்த ஒரே கவலை மகள்தான். இருபத்தெட்டு வயதாகியும் வரன் தட்டிக்கொண்டே போனது. ஒன்று நிச்சயம் வரைக்கும் வந்து, மாப்பிள்ளை வீட்டில் ஒரு சாவு விழுந்து நின்றுபோனது. அந்தப் பெண் வாசலுக்கு வருவதையே விட்டிருந்தாள்.

நாலாவது வருஷம் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, கேக்குறதக் குடுங்க" என்றார் டாக்டர். அம்மாவிடம் புண் என்று சொல்லி வைத்தேன். அவள் நம்பியது மாதிரி இருந்தாள். நான் வேலைக்குப் போகிற நேரத்தில் வீட்டுக்காரம்மாதான் கஞ்சி கொண்டு வந்து ஊட்டினார். படுக்கையை மாற்றினார். அதைச் சொல்லாமல் விட்டால் என் வாய் அழுகிப்போகும்.

அப்போது அந்தப் பெண்ணுக்கு வரன் அமைந்தது. வீட்டு வாசலிலேயே பந்தல் போட்டுக் கல்யாணம் என்று முடிவானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்காரர் படியேறி வந்தார். கையில் தட்டு, தட்டில் மஞ்சள் தடவிய பத்திரிகை. முதல் பத்திரிகை எங்களுக்குத்தான் என்றார். அம்மா படுத்தபடியே கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொண்டாள். அவர் போகும்போது நானும் கூடவே இறங்கினேன். பாதிப் படியில் நின்றார்.

"தம்பி, தப்பா நெனைக்கக் கூடாது."

"சொல்லுங்கண்ணே."

"புதன்கெழம முகூர்த்தக்கால் ஊனுறோம். ஏற்கெனவே ஒரு தடவ சாவால நின்னு போன புள்ள. அம்மாவ ஒரு மாசம் ஊருல கொண்டுபோயி வச்சிருந்தா..." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நானே சொல்லணும்னு இருந்தேண்ணே" என்றேன். பொய். அந்த நிமிஷம் வரைக்கும் அப்படி ஒரு நினைப்பே எனக்கு இல்லை. அவர் கேட்டு முடிப்பதற்குள் என் வாய் முந்திக்கொண்டது. சண்டை போட்டிருக்கலாம். ஒரு நாள் அவகாசம் கேட்டிருக்கலாம். நல்ல பிள்ளை என்று பேர் வாங்குவதில் எனக்கு அப்படி ஒரு அவசரம்.

படிக்கு மேலே ஜன்னல் திறந்துதான் இருந்தது. நான் உள்ளே போனபோது அம்மா பத்திரிகையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தாள். "எனக்கும் ஊரப் பாக்கணும் போலத்தான்யா இருக்கு" என்றாள். "கல்யாணம் முடியவும் வந்து கூட்டிக்கிருவியா?"

"மறுநாளே வாரேன்மா."

"எனக்கு இங்கதான்யா கண்ணு மூடணும். எம்மகன் வீட்டுல." அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நான்தான் புண் புண் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றைக்கும் மறுநாளும் வேறு வீடு தேடி அலைந்தேன். எங்கே போனாலும், எத்தனை பேர் என்று கேட்டார்கள். நானும் அம்மாவும் என்றேன். அம்மாவுக்கு உடம்புக்கு எப்படி என்று கேட்டதும் நாக்குப் புரளவில்லை. ஒரு இடத்தில் உண்மையைச் சொன்னேன். "சாகக் கெடக்குற ஆள வச்சுக்கிட்டா பால் காய்ச்சப் போற? நல்லா இருக்குப்பா" என்று சிரித்தார் அந்த மனுஷர்.

செவ்வாய்க்கிழமை நாற்காலியில் உட்கார வைத்து அம்மாவை இறக்கினோம். படி திரும்புகிற இடத்தில் நாற்காலி முட்டிக்கொண்டது. வாத்தியாரே வந்து ஒரு பக்கம் தூக்கினார். வீட்டுக்காரம்மா டாக்சி கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எதுக்கும்மா அழுகுற? நல்ல காரியத்த வச்சுக்கிட்டு" என்று அம்மாதான் அதட்டினாள்.

ஊரில் எங்கள் மண்வீடு ஆளில்லாமல் கிடந்து, போன மழையில் ஒரு பக்கம் சரிந்திருந்தது. சித்தப்பா வீடுதான் கதி. சித்தி வாசலுக்கு வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவை அணைத்து உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்து, செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வாயருகே பிடித்தாள். அம்மா என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு குடித்தாள். அந்தப் பார்வை எனக்குப் போதும், வேறு தண்டனை வேண்டாம்.

ஞாயிறுதோறும் போனேன். அம்மா சுருங்கிக்கொண்டே வந்தாள். பார்க்க வருகிறவர்கள், மகன் டவுனில் இருக்க இங்கே எதற்கு வந்து கிடக்கிறாய் என்று கேட்பார்கள். என் காதுபடவே சொல்வாள்: "அவன் வீட்டுல கல்யாண விசேசம் நடக்குது. எடஞ்சலா இருக்கும்னு நாந்தான் கெளம்பி வந்தேன். முடியவும் கூட்டிக்கிருவான்." யாருக்குக் கல்யாணம் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கடைசியாகப் போன ஞாயிறு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எம்புட்டு நாளுய்யா?" என்றாள்.

"வர்ற வெள்ளிக்கெழம கல்யாணம்மா. சனிக்கெழம காலைல வண்டியோட வந்துருவேன்."

விரலை மடக்கி எண்ணினாள். "அது வரைக்கும் இருந்துக்கிருவேன்" என்றாள். ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருக்கப்போவதைப் போலச் சொன்னாள். சனிக்கிழமைக்கு டாக்சி சொல்லி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் நான்தான் பந்தியில் சாம்பார் வாளி தூக்கினேன். குடியிருக்கிற பையன், வீட்டுப் பிள்ளை மாதிரி. வேறு யார் தூக்குவது? எட்டு மணி இருக்கும். வாசலில் கட்டியிருந்த வாழை மரத்துக்கு வெளியே, தெருவுக்கு அந்தப் பக்கம், சித்தப்பா மகன் நின்றுகொண்டிருந்தான். அழுக்கு வேட்டி, கலைந்த தலை. முதல் பஸ்ஸில் வந்திருக்கிறான். பந்தலுக்குள் வராமல் நின்றான். சாவுக் கேதம் சொல்ல வருகிறவன் கல்யாணப் பந்தலுக்குள் வரமாட்டான். வாளியோடு தெருவைத் தாண்டிப் போனேன்.

"என்னடா?"

அவன் என்னைப் பார்க்காமல் பந்தலைப் பார்த்தான். "தாலி கட்டியாச்சாண்ணே?"

"இல்ல. இன்னும் அர மணி நேரம் இருக்கு."

"அப்ப நான் ஒன்னும் சொல்லலண்ணே. நீங்க போங்க. நான் இங்கன நிக்கிறேன்."

ஒரு அதட்டு அதட்டியிருந்தால் சொல்லியிருப்பான். நான் அதட்டவில்லை. அவன் சொல்லாத வரைக்கும் அம்மா இருக்கிறாள் என்று எனக்கே ஒரு கணக்கு. அட கிறுக்கா, அவன் நிற்கிற நிலையைப் பார்த்தாலே தெரியவில்லையா? தெரிந்தது. தெரிந்துதான் திரும்பிப் போய் இட்லிக்குச் சாம்பார் ஊற்றினேன். "இன்னுங் கொஞ்சம் ஊத்துப்பா" என்றார் ஒருவர். ஊற்றினேன். கெட்டிமேளம் கொட்டியது. அட்சதை போட்டேன். அந்தப் பெண் தலை குனிந்திருந்தாள். தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷ அழுகை. அவள் நன்றாக இருக்க வேண்டும் என்று நிஜமாகவே நினைத்தேன். அதே நேரத்தில் அந்தப் பந்தலைப் பிடுங்கி எறிய வேண்டும் போலவும் இருந்தது.

வாசலை நோக்கி நடந்தபோது வீட்டுக்காரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார். தாம்பூலப் பையை என் கையில் திணித்தார். "நாளைக்கு ஒங்கம்மாவக் கூட்டிட்டு வந்துருங்க தம்பி. மாடியக் கழுவி விட்ருக்கேன். பாயி வெயில்ல போட்டு எடுத்து வச்சிருக்கேன்" என்றார். முகம் பூரித்திருந்தது.

"சரிக்கா" என்றேன். வேறு என்ன சொல்ல?

சித்தப்பா மகன் என்னைக் கண்டதும் உடைந்துவிட்டான். விடியக்காலம் உயிர் பிரிந்ததாம். "ராத்திரியே பெரியம்மா எங்கிட்டச் சொல்லிருச்சுண்ணே. 'நான் தங்க மாட்டேன் போலருக்கு. நான் போயிட்டாலும் தாலி ஏறுற வரைக்கும் எம்மகன்கிட்டச் சொல்லிராதீக. அந்தப் புள்ளைக்கு இப்பத்தான் வாச்சிருக்கு, என் கேதம் போயி அதக் கெடுத்துரக் கூடாது'ன்னுச்சு. சத்தியம் வாங்கிக்கிருச்சுண்ணே."

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அவன் ஜன்னலோரம் என்னை உட்கார வைத்தான்.

நான் தெருவுக்குள் நுழைந்ததும் ஒப்பாரி ஒரு நொடி நின்றது. எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. சித்தி எழுந்து வந்தாள். கல்யாண வாசலில் வைத்துவிட்ட சந்தனமும் குங்குமமும் என் நெற்றியில் அப்படியே இருந்திருக்கின்றன. முந்தானையை நனைத்துக்கொண்டுவந்து, யாரையும் ஒன்றும் கேட்க விடாமல், அதை அழுத்தித் துடைத்தாள். பிறகு என்னை அம்மாவிடம் விட்டாள்.