அரை மூட்டை

யுத்தத்தில் ஜப்பான்காரர் எங்கள் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில், பிரிக்பீல்ட்ஸில், ரயில் தண்டவாளத்தை ஒட்டிச் சரக்கு மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கி ஒன்று இருந்தது. அங்கே மூட்டை சுமக்கும் பெண்களுக்குக் கூலியாக அரிசி கொடுத்தார்கள். எங்கள் அடுப்பில் மரவள்ளிக் கிழங்கைத் தவிர வேறெதுவும் வேகாத நாட்கள் அவை. அப்பாவைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வெறும் கிழங்கைத் தின்று அம்மாவின் கால்கள் வீங்கிக் கிடந்தன. எப்படியாவது அரிசி வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். படிக்கிற பெண் என்று தண்ணீர்க் குடத்தைக்கூட அப்பாதான் தூக்கி வருவார்.

பெண்களுக்கு அரை மூட்டைச் சுமை என்று கேள்விப்பட்டேன். அதையே இலக்காக வைத்துக்கொண்டேன். கொல்லையில் கிடந்த பழைய செங்கற்களைச் சாக்கில் கட்டி, தரையிலிருந்து தோளுக்குத் தூக்கிப் பழகினேன். நான்கு செங்கல்லில் ஆரம்பித்து வாரம் ஒன்று கூட்டுவது. கணக்கு சரியாகத்தான் இருந்தது, உடம்பு கேட்கவில்லை. கிழங்கும் கிடைக்காத வாரத்தில், முன்பு தூக்கிய சாக்கே அசைய மறுத்தது. அழுகையோடு ஒரு செங்கல்லை வெளியே எடுத்து வைத்தேன். அதன்பிறகு, வயிறு காய்ந்த வாரங்களில் எதையும் கூட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

"என்னாடி, வீடு கட்டப் போறியா?" என்பாள் அம்மா, படுத்தபடியே.

சுமக்கும் பெண்கள் எங்கள் வரிசை வீடுகளிலேயே இருந்தார்கள். ஒருத்தியிடமும் நான் எதுவும் கேட்கவில்லை. படித்தவள், போய்க் கேட்பதா?

வேலை கேட்டுப் போன என்னைக் கிட்டங்கிக் கங்காணி சோதித்த காலையில், குனிந்து மூட்டையின் காதுகளைப் பிடித்தேன். முழங்கால், இடுப்பு, தோள். ஏறிவிட்டது. பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"ஏய் தங்கச்சி, உன்ன யாரு கீழேருந்து தூக்கச் சொன்னா? தூக்கிவுடத்தான் ரெண்டு பேரு நிக்கிறோம்ல!" என்றாள் ஓர் அக்கா.

"அது கெடக்கட்டும். லோரி வரைக்கும் நட," என்றார் கங்காணி.

சுமையோடு நடக்க நான் பழகவே இல்லை. பாதி வழியில் கால் பின்னி, மூட்டையோடு உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்கத் தெம்பு இல்லை.

"போதும்மா. வீட்டுக்குப் போ," என்றார் கங்காணி.

வெறுங்கையோடு எப்படிப் போவது?

அந்த அக்காதான் குறுக்கே வந்தாள். "இருங்கண்ணே. நடக்கத்தானே தெரியல, தூக்கத் தெரியுதே. தூக்கிவுட்டுத் தூக்கிவுட்டு என் இடுப்பு போச்சி. இவள என் எடத்துல நிக்க வைங்க."

கங்காணி என்னை மேலும் கீழும் பார்த்தார். "சாயந்தரம் வரைக்கும் நின்னா அரிசி. உக்காந்தா கெடையாது."

நின்றேன். ஒவ்வொரு முதுகாக வந்து குனிந்தது, ஏற்றிக்கொண்டே இருந்தேன். மத்தியானத்துக்குமேல் முகங்களைக்கூடப் பார்க்கவில்லை.

கூலி அரிசியை முந்தானையில் முடிந்துகொண்டு வீடு வந்தேன். உலைப் பானையைத் தூக்கப் போனால் கைகள் மேலே எழவில்லை. பானைக்கு முன்னால் அப்படியே நின்றேன். அம்மா வீங்கிய கால்களை இழுத்துக்கொண்டு வந்து, பானையின் மறுபக்கத்தைப் பிடித்தாள்.