நான் கழுவிய போக்கா போத்தல்கள்

1. ஒரு பகல் வேலை

நூற்றி எண்பது வைன் போத்தல்களை நான் ஒரே பகலில் கழுவி, துடைத்து, அடுக்கி முடித்தேன். ஒன்றுகூட உடையவில்லை. அதைவிடக் கெட்ட வேலை ஒன்றை என் வாழ்நாளில் நான் செய்ததில்லை. எங்கள் லாகருக்கு, அதாவது வைன் களஞ்சியத்துக்கு, புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் முதல் நாளே இந்தக் கதையைச் சொல்லிவிடுவேன். சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், ஆனால் எதையும் கழுவுவதற்கு முதல் என்னிடம் வந்து கேட்கட்டும்.

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பஸ்ஸுக்கு நின்றாலும் அங்கும் இங்கும் நடப்பேன். மன்னாரிலிருந்து 2009இல் சுவிஸ் வந்து, எஃப் விசா என்ற தற்காலிக அனுமதியோடு டீட்டிகோன் என்ற ஊரில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். நாலு வருடத்துக்கு மேல் கழுவினேன். அங்கே எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு, 'நீ சுத்தமான ஆள்' என்பதுதான். இந்த நாட்டில் தமிழனுக்கு நற்சாட்சிப் பத்திரம் என்றால் அதுதான் என்று நானும் நம்பிவிட்டேன். பிறகு இத்தாலி வைன் இறக்குமதி செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தின் லாகரில் ஒரு வருட ஒப்பந்தத்தில் வேலை கிடைத்தது. முதலாளி பெயர் உர்ஸ். என்னையும் சேர்த்து அங்கே இரண்டு தமிழர். மற்றவர் வான் ஓட்டுகிற யோகன் அண்ணை.

அந்த ஒரு வருட ஒப்பந்தம் நிரந்தரமாக வேண்டும். என் முழு மனமும் அதில்தான் இருந்தது. மனைவி றீற்றா மன்னாரில் ஆறாவது வருடமாகக் காத்திருந்தாள். நிரந்தர வேலைக் கடிதம் இல்லாமல் அவளைக் கூப்பிட விண்ணப்பம் போட்டுப் பிரயோசனமில்லை என்று கன்ரோன் என்கிற மாநில அலுவலகத்தில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். எஃப் விசாவில் நாட்டைவிட்டு வெளியே போகவும் முடியாது. நான் அங்கே போக முடியாது, அவள் இங்கே வர முடியாது. உர்ஸ் வெள்ளிக்கிழமை கையெழுத்து வைப்பதாகச் சொல்லியிருந்தார். நான் கழுவியது அதற்கு முந்திய புதன்கிழமை.

2. போக்கா

போக்கா என்பது வட இத்தாலியில் பியெமொந்தேப் பக்கம் ஒரு சின்ன ஊர். டீட்டிகோனிலிருந்து கொத்தார்ட் சுரங்கத்தால் போனால் சில மணித்தியாலம்தான். எனக்கு அது நிலாவைப்போலத் தூரம். ஒரு காலத்தில் அந்த மலைச்சரிவு முழுக்கத் திராட்சைதானாம். பிறகு சனங்கள் நெசவு ஆலைகளுக்கு வேலைக்கு இறங்கிப் போக, காடு தோட்டத்தைத் தின்றுவிட்டது. கொடி படரவென்று நட்ட தூண்கள் மரங்களுக்கு நடுவே இன்னும் நிற்கின்றன. கடைசியில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் மட்டும் தோட்டம் வைத்திருந்தார்கள்.

அப்படி இருந்த ஒரு கிழவரின் சரிவை அவர் சாவதற்கு இரண்டொரு வருடம் முதல் பியெரா என்ற பெண் வாங்கினார். என் வயதுதான் இருக்கும். காட்டை வெட்டி மறுபடி கொடி நட்டார். கிழவரின் நிலவறையில் கிடந்த பழைய போத்தல்களும் தோட்டத்தோடு அவருக்கு வந்தன. அவைதான் அந்த நூற்றி எண்பது.

அந்த வைனைப் பற்றியும் சொல்லவேண்டும். நெபியோலோ என்ற திராட்சை; அங்கே அதை ஸ்பன்னா என்பார்கள். நிறம் வெளிறின செங்கல். புது வைனைக் குடித்தால் வாழைக்காயைப் பச்சையாகக் கடித்ததுபோல நாக்குக் கயர்க்கும். மண் எரிமலைக் கல் உடைந்து வந்ததாம், அதனால் இரும்பைத் தொட்டு நக்கினதுபோல ஒரு ருசி கடைசியில் நிற்கும். பத்து வருடமாவது கிடந்தால்தான் அடங்கும். அடங்கின பிறகும் கிளாசில் ஊற்றினால் சும்மா இருக்காது. இப்போது ரோசாப்பூ, கொஞ்ச நேரத்தில் மிளகு, இன்னும் கொஞ்ச நேரத்தில் நனைந்த மண். என்னைப்போல அந்தரப்படுகிற வைன். எனக்கு அதுதான் முதன்முதல் பிடித்த வைன்.

3. வெண்கட்டி

செவ்வாய்க்கிழமை காலை பியெரா தன் வானில் போத்தல்களைக் கொண்டுவந்து இறக்கினார். நான் டொச் என்ற ஜெர்மன் மொழி வகுப்புக்குப் போயிருந்தேன். யோகன் அண்ணைதான் இறக்கினவர். சனிக்கிழமை டெகுஸ்டாட்சியோன், அதாவது வாடிக்கையாளர் வந்து சுவைபார்க்கும் நாள். புதன் காலை உர்ஸ் ஷாஃப்ஹவுசனுக்கு வெளிக்கிடும் அவசரத்தில் வாசலில் நின்று சொன்னார்:

"அந்தப் பெட்டியள உடைச்சுச் சனிக்கிழமைக்குத் தயார் பண்ணி வை. நான் நாளைக்குத்தான் வருவன்."

பெட்டியைத் திறந்தேன். போத்தல்களில் லேபல் இல்லை. பூஞ்சணம், சிலந்திவலை, ஒரு விரல் தடிப்பில் தூசி. இதையா கனவான்களின் மேசையில் வைப்பது? என் கை பரபரத்தது. பெரிய தொட்டியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் பிடித்தேன். எல்லாப் போத்தல்களிலும் வெண்கட்டியால், அதான் சோக்கால், கீறின வெள்ளைக் கோடுகள் இருந்தன. சிலதில் ஒன்று, சிலதில் இரண்டு, சிலதில் பெருக்கல் அடையாளம். கிழவர் எண்ணிப் பார்க்கக் கீறியிருப்பார் என்று நினைத்து அவற்றையும் தேய்த்தேன். நன்றாகத் தேய்த்தேன். எல்லாவற்றையும் மேசைகளில் நிமிர்த்திக் காயவைத்து, கைக்கு வந்தபடி பெட்டிகளில் அடுக்கினேன். மூன்று மணிக்கு நின்று பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

யோகன் அண்ணை வானை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"என்னடாப்பா, புதுச் சரக்கோ?"

"இல்லை அண்ணை, போக்கா. கழுவிப்போட்டன்."

அவர் ஒரு போத்தலை எடுத்துத் திருப்பினார். இன்னொன்றையும் எடுத்தார்.

"இதில வெண்கட்டிக் கோடு கிடந்ததெல்லோ. எங்க?"

"துடைச்சிட்டன்."

"விசரா, உதெல்லாம் வருசமடா. ஒரு கோடு நல்ல வருசம், ரெண்டு கோடு மழை வருசம், பெருக்கல் எண்டால் ஆலங்கட்டி விழுந்த வருசம். அந்தப் பியெராப் பிள்ளை நேற்று எனக்கும் உர்சுக்கும் நிண்டு விளங்கப்படுத்தினது. கிழவனும் செத்துப்போனான். இனி ஆரைக் கேக்கிறது?"

இரண்டாவது பிழையையும் அவரே எடுத்துச் சொன்னார். பழைய வைனின் அடியில் மண்டி படிந்திருக்கும், அதை அசைக்கக்கூடாது. நான் நூற்றி எண்பதையும் குலுக்கியே வைத்திருந்தேன்.

"வெள்ளிக்கிழமை உனக்குக் கையெழுத்தெல்லோ?" அவர் குரலைத் தாழ்த்தினார். "கடையில ஒரு வெண்கட்டி வாங்கு. அறுபது அறுபதாய் கீறி விடு. கிழட்டுப் போத்தல், ஆருக்குத் தெரியப்போகுது?"

அவரைப் பிழை சொல்லமாட்டேன். என் நன்மைக்குத்தான் சொன்னார். நானும் போய் வாங்கினேன். வந்து ஒரு போத்தலில் ஒரு கோடு கீறினேன். பழைய கோடு மாதிரியே இருந்தது. அதைப் பார்த்ததும் வெண்கட்டியை மேசையில் வைத்துவிட்டேன். வெளியே வந்து லிம்மாத் ஆற்றங்கரையில் மேலும் கீழும் நடந்தேன். எத்தனை தரம் நடந்தேன் என்று தெரியாது. கடைசியில் றீற்றாவுக்குப் போன் எடுத்தேன். 'கீறுங்கோ' என்று அவள் வாயால் வரவேண்டும் என்றுதான் எடுத்தேன், ஒளிப்பானேன்.

முழுவதையும் சொல்லவிட்டுத்தான் கேட்டாள்.

"இப்ப எத்தினை போத்தலில கீறிட்டியள்?"

"ஒண்டு."

"அதைத் துடையுங்கோ."

"துடைச்சால் கடிதம் இல்லையப்பா. நீர் வரேலாது."

"ஆறு வருசம் இருந்தனான். இன்னும் ஒண்டு இருக்கமாட்டனோ? களவாக் கீறின கோட்டில எனக்கு அங்க வரத் தேவையில்லை. போய்ச் சொல்லுங்கோ." போனை வைத்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அவளுக்கென்ன, சுகமாகச் சொல்லிவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு போய்த் துடைத்தேன்.

4. வெள்ளிக்கிழமை

வியாழன் காலை உர்ஸ் ஜக்கெற்றைக் கழற்றமுதல் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"ஆர் உன்னைக் கழுவச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"பிறகேன் கழுவினனி?"

"ஊத்தையாய் இருந்தது."

அவர் சனிக்கிழமை நிகழ்ச்சியை நிறுத்தினார். பியெராவைக் கூப்பிட்டார். வெள்ளி மத்தியானம் பியெரா வந்து, பளபளத்துக்கொண்டிருந்த போத்தல்களுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் உணவகத்தில் படித்த ஓட்டை இத்தாலியனில் மன்னிப்புக் கேட்டேன்.

"கழுவேக்க எப்பிடிக் கழுவினீங்கள்? செய்து காட்டுங்கோ" என்றார்.

ஒரு போத்தலை எடுத்து, பெருவிரலை அடிக்குழிக்குள் விட்டுச் சுற்றிக் காட்டினேன். அப்போதுதான் என் விரலுக்கு ஞாபகம் வந்தது. பெருக்கல் அடையாளம் இருந்தவற்றின் அடிக்குழி ஆழம். விரல் முழுக்க உள்ளே போனது. தண்ணீர் தேங்கி என் சட்டையில் ஊற்றியது. மற்றவை தட்டை. அதைச் சொன்னேன். பியெரா ஒரு ஆழக்குழிப் போத்தலைத் திறந்து வாயில் விட்டு, கண்ணை மூடினார்.

"ஓம். ஆலங்கட்டி."

விரலை விட்டு விட்டு முப்பத்தொரு போத்தலைப் பிரித்தோம். மிச்சம் எல்லாம் ஒரே கண்ணாடி. நல்ல வருடமும் மழை வருடமும் ஒன்றோடு ஒன்று கலந்தது கலந்ததுதான். திறக்காமல் சொல்ல வழியில்லை, திறந்தால் விற்க வழியில்லை.

போகும்போது பியெரா ஒன்று சொன்னார். முதல் வருடம் காடு வெட்டும்போது மெஷின் பிடித்து ஒரு சரிவைத் துப்பரவாக வழித்தாராம். பார்த்துக்கொண்டிருந்த கிழவர், நீ இழுத்தெறிந்தது என் தகப்பன் நட்ட கொடி என்றாராம். செத்த கொடி என்றுதான் பியெரா நினைத்தாராம். அதில் பச்சை இருந்ததாம். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆறுதலுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. அவருக்கும் அது இன்னும் ஆறவில்லை.

உர்ஸ் அன்று கையெழுத்து வைக்கவில்லை. இன்னொரு ஒரு வருட ஒப்பந்தம் தந்தார். "நீ பொய் சொல்லேல்லை, அதால வைச்சிருக்கிறன். கேளாமல் செய்தனி, அதால நிரந்தரம் இல்லை" என்றார். கணக்குச் சரிதான். ஆனாலும் அந்த வருடம் முழுக்க நான் ஒரு இடத்தில் இருந்து சாப்பிட்டதாக ஞாபகமில்லை. எதைத் தொடமுதலும் 'கேட்கவா?' என்று நின்றேன். யோகன் அண்ணை, "கக்கூசுக்குப் போகவும் உர்சிட்டக் கேக்கிறானப்பா" என்று எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார்.

அடுத்த வருடம் கையெழுத்து வந்தது. விண்ணப்பம், விசாரணை எல்லாம் முடிந்து, ஒரு மார்ச் மாதம் றீற்றா குளோட்டன் விமான நிலையத்தில் வந்து இறங்கினாள். அன்றைக்கு உர்ஸ் என் கையில் ஒரு போத்தலைத் தந்தார். லேபல் இல்லை. கலந்துபோனவற்றில் ஒன்று.

வீட்டில் சமையலறை மேசையில் வைத்துத் திறந்தேன். இந்த முறை குலுக்காமல் ஊற்றினேன். றீற்றா மணந்து பார்த்து, ஒரு சொட்டுக் குடித்து, முகத்தைச் சுளித்தாள்.

"புளிக்குது."

"கொஞ்சம் பொறும், மாறும். இது நல்ல வருசமோ மழை வருசமோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "இது நீங்கள் கழுவித் துடைச்ச என்ர ஒரு வருசம்."

எழும்பி நடக்கப் பார்த்தேன். அவள் கையைப் பிடித்து இருத்தினாள். வைன் மாறும்வரைக்கும் இரண்டு பேரும் கிளாசைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.