ஒற்றைக்காதன் வீட்டுப் படம்

ஃபிட்டருக்கு வாய்க்கு முன்னால் கை பேசும். பள்ளிக்கூடத்தில் வீட்டுப் பெயரைச் சொல்லிக் கிண்டல் செய்தவனின் முன்பல்லைப் பெயர்த்தார். நூற்பாலையில் ஃபிட்டராகச் சேர்ந்த பிறகு, ஒரு மேஸ்திரியின் தாடையை ஸ்பானரால் பிளந்து ஆறு மாதம் உள்ளே இருந்தார். வெளியே வந்ததும், ஏழு வயது மகனைத் தூக்கி வைத்துக்கொண்டு, "நாம ஒத்தைக்காதன் வம்சம்டா. எவனுக்கும் பணிய மாட்டோம்" என்றார். என்னவோ பட்டம் வாங்கி வந்தது போல.

ஒற்றைக்காதன் அவருடைய கொள்ளுத்தாத்தா. அதே ஆலையில் முதல் வேலைநிறுத்தம் நடந்தபோது முதலாளியின் அடியாட்கள் அவர் காதை அறுத்தார்கள், அப்படியும் மனிதர் அசைந்துகொடுக்கவில்லை என்பது வீட்டுக் கதை. அந்தப் பட்டப்பெயர் நான்கு தலைமுறையில் குடும்பப் பெயராகவே ஆகிவிட்டது. வேலைநிறுத்தத்துக்கு நூறு வருஷம் நிறைவதையொட்டி, சங்கக் கட்டடத்தில் தியாகியின் படம் திறக்க முடிவு செய்தார்கள். புகைப்படம் ஏது? ஓவியர் ஃபிட்டரையே இரண்டு நாள் உட்கார வைத்து வரைந்து, இடது காதை மட்டும் விட்டுவிட்டார். மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

விழா மலருக்கு அவரே கட்டுரை எழுத வேண்டும் என்றார்கள். தேதியைச் சரிபார்க்க ஆலை மருத்துவமனையின் பழைய பதிவேட்டைத் தேடிப் பிடித்தார். பெயர் இருந்தது. இடது காது, மனிதன் கடித்தது. பிரிவு: காவல். காவல் பிரிவு என்றால் அந்தக் காலத்தில் முதலாளி வைத்திருந்த அடியாட்கள் என்பது ஆலையில் எல்லோருக்கும் தெரியும். அடுத்த வரி, அதே நாள்: சாயப் பிரிவுத் தொழிலாளி, கொதிக்கும் தொட்டியில் வெந்து மரணம். ஃபிட்டர் அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு ஊரில் விசாரித்தார்.

அந்தச் சாயக்காரரின் கொள்ளுப்பேத்தி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இஸ்திரிக் கடை வைத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும், தேய்ப்பதை நிறுத்தாமலே சொன்னார்.

"வேலைக்குத் திரும்பச் சொல்லி ரெண்டு கையையும் ஒடிச்சாங்களாம். மாட்டேன்னாரு. தொட்டிக்குள்ள தலையை அமுக்கினாங்க. கைதான் இல்லையே, அமுக்கினவன் காதைப் பல்லால புடிச்சுக்கிட்டாரு. விடவே இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வெந்து செத்தாரு. அவரு பொண்டாட்டி வாயைத் தொறந்து பாத்தாளாம், முடியல. அப்படியே பொதைச்சாங்க. உங்க தாத்தா காது எங்க தாத்தா வாயிலதான் இருக்குண்ணே."

"பொய்!" ஃபிட்டர் கையை ஓங்கிவிட்டார்.

அந்தம்மா அசையவில்லை. "அடிங்க. உங்க வீட்டுக்குப் பழக்கம்தானே?"

ஓங்கிய கை தானாகக் கீழே வந்தது. அவமானத்தில் மனிதர் குறுகிப்போனார். அறுபதை நெருங்கும் வயதில், தான் அடித்த ஒவ்வொரு முகமும் வரிசையாக ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபம் நிரம்பி வழிந்தது. படத்தை மூடிய துணியை விலக்கும் முன் ஃபிட்டர் மைக்கைப் பிடித்தார். "இவரு தியாகி இல்ல. அடியாளு. ஒரு தொழிலாளியக் கொதிக்கிற தொட்டியில அமுக்கிக் கொன்னவரு. மாட்டணும்னா செத்த அந்தத் தொழிலாளி படத்தை மாட்டுங்க."

முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவன், "முதலாளிகிட்ட விலை போயிட்டான்!" என்று கத்தினான். ஃபிட்டர் துணியை இழுத்தெறிந்து தன் முகத்தைப் போலவே இருந்த அந்த முகத்தில் முஷ்டியால் குத்தினார். கண்ணாடி உடைந்து மணிக்கட்டு கிழிந்தது. அவ்வளவுதான், நாற்காலிகள் பறந்தன. உதடு பிய்ந்தது. விலாவில் உதைத்தார்கள். அவர் தலையைப் பொத்திக்கொண்டு கிடந்தாரே ஒழிய, திருப்பி அடிக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு மகன் வருவது தெரிந்தது. இப்போது அவனும் அதே ஆலையில் ஃபிட்டர், முப்பது வயது ஆள். அப்பாடா என்றிருந்தது அவருக்கு. மகன் அவர் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான்.

"யாரைடா அடியாளுங்கறே? நம்ம தாத்தாவையா?"

அடி வாயில் விழுந்தது. "கேளுப்பா, நான் சொல்றதைக் கேளு" என்றார் ஃபிட்டர், ரத்தமும் எச்சிலுமாக. மகன் மறுபடியும் கையை ஓங்கினான்.