அப்பாவு அண்ணன் டாக்சியில் யார் பாட்டு

எங்கள் தோட்டத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். முதலில் சொந்தக் கார் வாங்கியவர் அப்பாவு அண்ணன். இரண்டும் எழுபத்தொன்பதில் நடந்தன. மலேசியாவில் செமோருக்கு அருகிலிருந்த அந்த ரப்பர்த் தோட்டத்தை அதற்குள் துண்டு துண்டாக விற்றிருந்தார்கள். தொழிலாளர் லயத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. மிச்சமிருந்த ஜனங்கள் என் பட்டமளிப்புப் படத்தைப் பார்த்து "நல்லா இருக்கு" என்றார்கள். அண்ணனின் காரைத் தொட்டுப் பார்த்தார்கள்.

தோட்டத்தில் ரப்பர்ப் பால் லாரி ஓட்டிய அண்ணன் ஈப்போவை ஒட்டிய சிலிபினுக்குக் குடிவந்து, ஓய்வு பெறவிருந்த ஒரு சீன டாக்சிக்காரரிடம் அந்தக் கிழட்டு டீசல் வண்டியை வாங்கினார். ஈப்போவிலிருந்து தெலுக் அன்சனுக்கு ஓட்டம். நாலு சீட்டும் நிரம்பினால்தான் வண்டி நகரும். நிரம்பாவிட்டால் டாக்சி நிலையத்தில் நின்று மற்ற வண்டிகளுக்குக் கையசைக்க வேண்டியதுதான்.

வண்டியோடு ஒரு பெண்ணும் வந்தாள். கார்களுக்குக் கேசட் வருமுன் இருந்த பாட்டு நாடாப் பெட்டிக்குள் இருந்தாள்; அது ரொட்டித் துண்டு அளவில் கறுப்பாக இருக்கும். ஸ்டீரியோவின் வாய்க்குள் போய்ச் சிக்கிக்கொண்டு வெளியே வர மறுத்தது. முடிவே இல்லாத நாடா. சாவியைத் திருப்பினால் கண்டோனீஸ் சீனத்தில் ஒருத்தி உருகி உருகிப் பாட ஆரம்பிப்பாள். தெலுக் அன்சன் போய்ச் சேரும்போதும் அதே காதலனுக்காகத்தான் உருகிக்கொண்டிருப்பாள்.

அந்தப் பாட்டுக்கும் ரசிகர்கள் இருந்தார்கள். ஆ யோக் என்ற அம்மாளும் அவர் தங்கையும் தெலுக் அன்சன் சந்தையில் துணி விற்பவர்கள். வாரம் இரண்டு தடவை மூட்டைகளோடு இதே வண்டியில்தான் போவார்கள். வண்டி பாதி நிரம்பிவிடும். "நம்ம வீட்டு அரிசிப் பானைய அந்த ரெண்டு பொம்பளைங்கதான் பாத்துக்கிறாங்க" என்பார் அண்ணனின் மனைவி வீரம்மா.

இந்தச் சீனப் பாட்டு உடையப்பனுக்குப் பொறுக்கவில்லை. சிலிபின் தமிழர் நற்பணிக் கழகத்தின் தலைவர் அவர். மற்ற நேரங்களில் ஆயுள் காப்புறுதி விற்பார். அண்ணன் வண்டியில் ஒரு நாளும் ஏறியதில்லை, பேருந்துதான் மலிவு. ஆனால் டாக்சி நிலையத்துத் தேநீர்க் கடையில் உட்கார்ந்துகொண்டு அந்த வண்டியைப் பற்றி மிகவும் வருந்துவார்.

"என்னா அப்பாவு, நீ தமிழனா சீனனா? நம்ம ஆளு வண்டில சீனப் பாட்டா?"

"மாட்டிக்கிச்சு தலைவரே. புடுங்கினா ஸ்டீரியோவும் சேந்து வந்துரும்."

"தெலுக் அன்சனையே தெலுக் இந்தான்னு மாத்திட்டாங்க. உன்னால ஒரு பாட்ட மாத்த முடியலையா? மாத்திப் பாரு, கழகத்துச் சவாரியெல்லாம் உனக்குத்தான்லா."

கழகத்துக்கு தெலுக் இந்தானில் ஒரு கிளை இருந்தது. மாதாமாதம் அங்கே யாராவது போய்ப் பேச வேண்டியிருந்தது. இந்தச் சவாரி ஆசை ஒரு பக்கம். மூன்று வருஷமாகத் தன் வண்டியில் தனக்குப் புரிகிற ஒரு வரி கேட்கவில்லையே என்ற ஏக்கம் இன்னொரு பக்கம். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த மைத்துனர் சீனியிடம் சொல்லி அண்ணன் ஒரு வாக்மேன் வரவழைத்தார். அதை எடுத்துக்கொண்டு வானொலி பழுது பார்க்கும் நஜ்முதீன் பாயிடம் போனார்.

பாய் ஸ்டீரியோவின் வயிற்றைத் திறந்து வெகு நேரம் பார்த்தார்.

"பொட்டிய எடுக்க முடியாது. ஆனா அவ தொண்டைய மட்டும் அறுத்துடலாம். அந்தக் கம்பியில உங்க வாக்மேன ஒட்டித் தாரேன்."

"அவ உள்ளுக்குள்ள சுத்திக்கிட்டே இருப்பாளா பாய்?"

"சுத்தட்டுமே. சத்தம் வராது. என் வீட்லதான் அப்படி ஒரு ஏற்பாடு செய்ய முடியல."

மறுநாள் முன் சீட்டுக்கு அருகே வாக்மேன் ரப்பர் வளையத்தில் தொங்கியது. அதிலிருந்து ஒரு கம்பி ஸ்டீரியோவுக்குள் போயிற்று. அண்ணன் தமிழ்ப் படப் பாட்டுக் கேசட்டைப் போட்டு, கண்ணாடியில் பின் சீட்டைப் பயத்தோடு பார்த்தார். ஆ யோக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு மலாயில் விசாரித்தார்:

"இது கல்யாணப் பாட்டா?"

"இல்ல அக்கா. காதலி செத்துட்டா, அவன் அழுவுறான்."

"அழுவுறவனுக்கு எதுக்கு இத்தனை மேளம்?"

 ஆனால் கம்பார் தாண்டும்போது தங்கைக்காரி காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். அரிசிப் பானைக்கு ஆபத்தில்லை என்று அன்றைக்கு வீரம்மா கோயிலில் தேங்காய் உடைத்தார்.

உடையப்பன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அடுத்த மாதக் கூட்டத்துக்கு இரண்டு சீட்டு எடுத்தார், ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. பக்கத்தில் ஒரு பட்டதாரி உட்கார்ந்திருந்தால் மேடைக்கு எடுப்பாக இருக்குமாம்; அதில் எனக்கும் மாறுபட்ட கருத்தில்லை. தலைவர் முன்னால் ஏறினார். ஆ யோக்கும் தங்கையும் மூட்டைகளும் நானும் பின்னால். வண்டி நிரம்பிவிட்ட மகிழ்ச்சியில் அண்ணன் பாட்டைப் போட்டார்.

கோப்பெங் வருவதற்குள் தலைவர் முகம் சுளித்தார்.

"இது என்னா அப்பாவு?"

"தமிழ்ப் பாட்டு தலைவரே."

"இது சினிமா. சினிமா வேற, தமிழ் வேற."

சட்டைப் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தார். ஆண்டுக் கூட்டத்தில் அவர் நிகழ்த்திய உரை, இரண்டு பக்கமும். அண்ணனின் அனுமதியைக் கேட்காமல் காதலனை வெளியே எடுத்துவிட்டுத் தம்மை உள்ளே போட்டார்.

முதலில் கைத்தட்டல். அது அடங்கியதும் தலைவரின் குரல் கதவு, கண்ணாடி, மூட்டை எல்லாவற்றையும் நடுங்க வைத்தது. முன் சீட்டில் தலைவர் கண்ணை மூடித் தம்மைக் கேட்டு ரசித்தார். கடினமான இடங்களில் உதடும் அசைந்தது.

ஆ யோக் முன்னால் சாய்ந்து அண்ணனிடம் மலாயில் கேட்டார்: "இவர் யாரைத் திட்டுறார்?"

"திட்டல அக்கா. எல்லாரும் தமிழ்ப் பாட்டு கேக்கணும்னு சொல்றார்."

"அப்ப ஓடின பாட்ட ஏன் நிறுத்தினார்?"

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தலைவர் கண்ணைத் திறந்தார். "என்னா சொல்றாங்க?"

"குரல் கணீர்னு இருக்காம் தலைவரே."

தலைவர் சத்தத்தை இன்னும் கூட்டினார்.

கம்பாரை நெருங்கும்போது ஆ யோக் தங்கையிடம் ஏதோ சொன்னார். தங்கை மூட்டைகளை மடியில் இழுத்துக்கொண்டாள். இந்த முறை அவர் அண்ணனிடம் கேள்வி கேட்கவில்லை. கம்பார் டாக்சி நிலையத்தில் நிறுத்தச் சொன்னார். வேறு வண்டியில் போய்க்கொள்வார்களாம்.

அண்ணன் நிறுத்தினார். அங்கே நின்ற ஒரு டாக்சிக்காரர் மூட்டைகளைக் கண்டதுமே எழுந்து தம் வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்தார். இன்று அந்தக் கதவுக்குள் போனால் இனி எல்லா வாரமும் அதற்குள்தான். அண்ணன் முன் சீட்டுப் பக்கம் திரும்பினார்.

"தலைவரே, கொஞ்சம் நிறுத்திக்கலாமா? அவங்க எறங்குறாங்க."

"எறங்கினா எறங்கட்டுமே. கொள்கைன்னு ஒன்னு இருக்குல்ல?"

"இருக்கு தலைவரே." அண்ணன் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். "அப்ப அவங்க ரெண்டு சீட்டையும் கழகம் எடுத்துக்கட்டும். இன்னைக்கு மட்டும் இல்ல, வாரம் ரெண்டு தடவை. வண்டி பூராவும் தமிழாவே போலாம். எனக்கும் பெருமைதானே."

உரையில் தலைவர் தமிழுக்காக உயிரையும் தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கைத்தட்டல் எழுந்தது. முன் சீட்டில் இருந்தவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதுக்கெல்லாம் செயற்குழு கூடணும், அப்பாவு."

"கூடட்டும் தலைவரே. அது வரைக்கும்?"

ஆ யோக்கின் ஒரு கால் ஏற்கெனவே தரையில் இருந்தது. தலைவர் அந்தக் காலைப் பார்த்தார், எதிர் டாக்சியின் திறந்த கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கடைப் பலகை ஒன்றை மிகுந்த அக்கறையோடு படித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் தலைவர் தாமே கை நீட்டி வாக்மேனை நிறுத்தினார்.

"ரொம்ப நேரம் பேசிட்டேன். தொண்டை கட்டிக்கும்" என்றார்.

ஆ யோக் காலை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்தினார். அண்ணன் படப் பாட்டைப் போட்டார், சத்தத்தைக் குறைத்து.

அன்று மாலை மேடையில் தலைவர் புதிதாக ஒன்று சேர்த்துக்கொண்டார்: கோப்பெங்கிலிருந்து கம்பார் வரை இரண்டு சீன மாதர்கள் தம் உரையை அசையாமல் கேட்டார்களாம், தமிழின் ஆற்றல் அப்படிப்பட்டதாம். கூட்டம் வெகு நேரம் கை தட்டியது. பட்டதாரி என்ற முறையில் நானும் தட்டினேன்.

அந்த மகிழ்ச்சியில் கழகம் மாதச் சவாரியை அண்ணனுக்கே உறுதி செய்தது. செய்தியைச் சொல்ல என்னைத்தான் அனுப்பினார்கள். வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணன் துணியைப் பிழிந்து கதவில் போட்டார்.

"சந்தோஷம் தம்பி, எடுத்துக்கிறேன். ஆனா தலைவர் பின்னாடிதான் உக்காரணும்."

"கோவிச்சுக்குவாரே அண்ணே. முன் சீட்டு யாருக்கு?"

"வாரம் ரெண்டு தடவை வாரவங்களுக்குலா."