வில்லியம் சாரின் சம்சாரம்

சேதுபதி மாதிரி ஒரு கைவேலைக்காரனை ஷார்ஜா முழுக்கச் சல்லடை போட்டாலும் பிடிக்க முடியாது. அவனைப் போல ஓர் அவசரக்குடுக்கையையும்தான். முதுகுளத்தூர் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவன், ஃபைபர் பட்டறைக்கு மாறி, ஒட்டகமோ ஈச்சமரமோ எதைக் கேட்டாலும் அச்சு அசலாகச் செய்து நிறுத்தினான். கேட்டதைச் சரியாகக் காதில் வாங்குகிற பழக்கம் மட்டும் கிடையாது.

துபாயில் ஒரு ஹோட்டலில் இங்கிலாந்துக் கோட்டை மாதிரி சாப்பாட்டுக் கூடம் கட்டினார்கள். பட்டறை மேனேஜர் ஹபீப் முகம்மது, கீழக்கரைக்காரர், அதற்கான படத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார்.

"வில்லியம்னு பழைய காலத்து சர் ஒருத்தர். சம்சாரம், புள்ளையளோட ஆளுயரத்துக்கு வேணும்."

சொன்ன கையோடு லீவில் ஊருக்குப் போய்விட்டார். படத்தில் இரும்புச் சட்டை போட்ட ஓர் ஆள், பக்கத்தில் முக்காடிட்ட பெண். இருவரும் கும்பிட்டிருந்தார்கள். காலடியில் ஒரு நாய், அதற்குக் கீழே பொடிசாகப் பிள்ளைகள்.

கல்யாண மண்டப வாசலில் கும்பிட்டு நிற்கும் பொம்மைகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? வரவேற்பு பொம்மை என்று முடிவு கட்டிவிட்டான்.

"யாருண்ணே இந்த வில்லியம் சார், வாத்தியாரா?" என்றான் கூட வேலை பார்க்கும் வாசு.

"யாரா இருந்தா நமக்கென்ன. சிரிச்ச மொகமா நிக்கட்டும்."

ஜெராக்ஸில் முகங்கள் கரியாக அப்பியிருந்தன. சேதுபதி பர்ஸிலிருந்த போட்டோவை எடுத்தான். சாருக்குத் தன் முகம், அந்த அம்மாளுக்கு மனைவி அருணாவின் முகம், பிள்ளைகளுக்குத் தன் இரண்டு மகள்களின் முகம். முடித்தபோது குடும்பமே கண் விரியச் சிரித்துக்கொண்டு நின்றது. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

லீவு முடிந்து வந்த ஹபீப் முகம்மது ஜெராக்ஸையும் பொம்மைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன சேது, நிக்க வச்சிருக்கே?"

"பின்ன எப்படி பாய்?"

"இது கல்லறைப்பா. ரெண்டு பேரும் மௌத்தாகிப் படுத்திருக்காங்க. புள்ளையள் பக்கத்துல நின்னு அழுவுது."

சேதுபதி பொம்மைகளைத் திரும்பிப் பார்த்தான். பெண்டாட்டியைத் தன் கையாலேயே சவமாக்கி, சுற்றிலும் மகள்களைச் சிரிக்கவும் வைத்திருக்கிறான். பிணத்தைப் பார்த்துக்கொண்டே சோறு தின்ன எவனுக்கு ஆசை வந்ததோ, அவன் நாசமாய்ப் போக.

"எப்படிச் செத்தாங்க பாய்?"

"ஹோட்டல் இங்கிலீஷ்காரன் சொன்னான். இவரு ராஜாவுக்காக பிரான்சுல சண்டைக்குப் போனவராம். எப்பவாச்சும் ஊருக்கு வர்றது, ஒரு புள்ள, மறுபடி கப்பல். வீடு வாசல், நெலம் எல்லாம் அந்தம்மாதான் பாத்திருக்கு. அது மௌத்தானப்பக்கூட இவரு வரல. ரெண்டு பேரும் சேந்து இருந்ததே இந்தக் கல்லுலதானாம். சரி, படுக்க வச்சு கண்ணை மூடி விட்டுடு. கலாஸ், வேலை முடிஞ்சுது."

சேதுபதி ஃபைபர் மாவைக் குழைத்துத் தன் முகத்தின் கண்களை முதலில் மூடினான். அருணாவிடம் வந்ததும் நின்றுவிட்டான். மனசு வராதது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அவள் கண் மூடினால் எப்படி இருப்பாள் என்றே அவனுக்குத் தெரியவில்லை. லீவில் போகும்போதெல்லாம் அவன் தூங்கிய பிறகு படுத்து, அவன் எழும் முன்னே எழுந்துவிடுகிறவள் அவள். கட்டிய மனைவி தூங்கி அவன் பார்த்ததில்லை. இது உறைத்தபோது கல்லறை என்று கேட்டதைவிட அதிர்ந்து போனான்.

தேய்க்கும் கிரைண்டரைப் போட்டு அந்த முகத்தை வழித்தெடுத்தான். முகமில்லாமல் கும்பிட்டு நின்றவள் இன்னும் பயமுறுத்தினாள். வெளியே ஓடிப்போய் ஊருக்குப் போன் போட்டான்.

"என்னங்க, டூட்டி நேரத்துல? ஒடம்புக்கு ஏதாச்சுமா?"

"ஒண்ணுமில்ல. நீ தூங்குறப்ப ஒம் மொகம் எப்படி இருக்கும் அருணா?"

"அது எனக்கெப்படித் தெரியும்? நீங்கதான் வந்து பாக்கணும்."